ஆறு நாளில் ஐந்து பந்தயம்

பிள்ளைகளை வெளியூருக்குப் பந்தயம் ஆட அழைத்துச் செல்லும் உபாத்தியாயர்களின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருவனுக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். ஒருவனுக்கு ஓட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும். மூன்றாமவன் ஜோடுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து நிற்பான். ஒரே ஒரு பந்தயம் ஆடித் திரும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே, 1899-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் அமெரிக்காவிலே ஒரு சிறு கலாசாலைப் பிள்ளைகள் ரயிலேறிப் போய், ஆறு நாளில் ஐந்து பந்தயம் ஆடினார்கள், ஐந்திலும் வென்றார்கள், எதிரிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக் கொடுக்கவில்லை என்று படிக்கும்போது, அச்சுப் பிழையோ என்று மறுபடியும் பார்க்கத் தோன்றுகிறது. அச்சுப் பிழை அல்ல, நடந்த சங்கதிதான்.

டென்னஸி மாகாணத்தில் கம்பர்லண்டு பீடபூமியின்மேல் ஸுவானி என்று ஒரு சிற்றூர். அங்கே உள்ளது 'தென்னாட்டுச் சர்வகலாசாலை'. பெயர்தான் பெரிது, அக்காலத்தில் மாணவர்கள் சில நூறு பேர்தான். தென்மாகாணங்களின் எபிஸ்கோபல் பாதிரிமார் 1857-இல் அதை ஸ்தாபித்தார்கள். அவர்களில் முக்கியமானவரான லியோனிடஸ் போல்க், பிஷப்பாகவும் இருந்தார். அடிமைகளை உடையவராகவும் இருந்தார். உள்நாட்டு யுத்தத்தில் தென்னாட்டுப் படைத் தளபதியாகி 1864-இல் மாண்டார். யுத்தம் முடிந்து, 1868-இல்தான் கலாசாலையில் பாடம் தொடங்கியது.

அவர்கள் ஆடிய ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பெயர். ஆனால் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். நம் சடுகுடுவில் ஒருவனைப் பத்துப்பேர் அமுக்குவார்கள் அல்லவா? அந்த அமுக்கலும், ஜல்லிக்கட்டின் மோதலும் சேர்ந்தது இது என்று வைத்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாயிருக்கும். பக்கத்துக்குப் பதினொரு பேர். நீள்வட்டமான தோல் பந்தை அணைத்துக்கொண்டு எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் மேலும் 1. மூன்று முயற்சியில் 5 கஜமாவது முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரியைச் சேரும். பந்தை முன்பக்கம் எறிவதற்கு அன்று அனுமதி இல்லை. எனவே திட்டமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: கூட்டமாகச் சேர்ந்து இடித்துக்கொண்டு போவது! இன்றைய கெட்டியான தலைக்கவசம் கிடையாது. தலைமயிரை அடர்த்தியாக வளர்த்துக்கொள்வதே பலருக்குக் கவசம். முழு நேரம் ஆடினால் 70 நிமிஷம். ஆட்டத்தை விட்டு ஒருமுறை வெளியேறியவன் மறுபடி உள்ளே வரக்கூடாது. ஆகையால் எலும்பு முறியாதவரை யாரும் வெளியேறச் சம்மதிப்பதில்லை.

யாத்திரைக்குக் காரணம் வீரம் மட்டும் அல்ல, பணமுந்தான். ஸுவானிக்கு வருஷந்தோறும் நல்ல வசூல் தரும் பந்தயம் நாஷ்வில் நகரத்து வாண்டர்பில்ட் கலாசாலையுடன் நடப்பது. டிக்கட்டுப் பணத்தைப் பங்கிடுவதில் மனஸ்தாபம் ஏற்பட்டு, அந்த வருஷம் பந்தயம் இல்லாமற் போயிற்று. கோஷ்டியின் காரியதரிசி லூக் லீ என்ற இருபது வயது மாணவர். நஷ்டத்தைச் சரிக்கட்ட அவர் ஒரு யோசனை செய்தார். ஒரே பிரயாணத்தில் பல ஊர்களில் ஆடினால் ரயில் செலவு ஒன்று, வசூல் ஐந்து! வியாபாரிக்கு வரவேண்டிய யோசனை, மாணவனுக்கு வந்தது. பந்தயத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவே ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம் வேண்டுமே என்பதை அவர் எவ்வளவு தூரம் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

சுமார் 2,500 மைல் பிரயாணம். ஊர்த் தண்ணீர் சேராமல் உடம்பு கெட்டுவிடக்கூடாதென்று, ஸுவானி ஊற்று நீரைப் பீப்பாயில் நிரப்பி எடுத்துப் போனார்கள். ஆட்டக்காரர்களின் ஜோடுகளை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாகவும், தந்தி கொடுத்து அவற்றைப் பின்னாலேயே வரவழைத்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, நமக்கு அதை நம்பத் தடையில்லை. களைத்த கைகால்களைப் பிடித்துவிடக் கறுப்பர் ஒருவரும் கூடப் போனார். ஐந்து பந்தயத்துக்கும் அந்த உடம்புகளைத் தயார் செய்தது அவர் கைகள். அவருடைய இனத்தார் அக்கலாசாலையில் மாணவராகச் சேர அன்று இடம் இல்லை.

நவம்பர் 9, வியாழக்கிழமை: ஆஸ்டின் நகரில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையை 12-0 என்று வென்றார்கள். இரவு ரயில். மறுநாள் ஹூஸ்டனில் டெக்ஸாஸ் விவசாயக் கலாசாலையை 10-0. மறுபடியும் இரவு ரயில். சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் டுலேன் கலாசாலையை 23-0. ஞாயிற்றுக்கிழமை பாதிரிமார் கலாசாலைக்கு ஆட்டம் ஏது? அன்று கரும்புத் தோட்டம் ஒன்றுக்கு விருந்தாளிகளாகப் போனார்கள். திங்கட்கிழமை பேடன் ரூஜில் லூயிஸியானா கலாசாலையை 34-0. செவ்வாய்க்கிழமை மெம்பிஸில் மிஸிஸிப்பி சர்வகலாசாலையை 12-0. கூட்டிப் பார்த்தால் 91-க்குப் பூஜ்யம்! எதிர்த்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் புதியவர்கள், வீட்டில் நன்றாக உறங்கி எழுந்தவர்கள். ஸுவானிக்காரரோ பெரும்பாலும் அதே பதினொரு பேர். அதே காயங்களோடும் அதே ரயில் கரியோடும் மைதானத்தில் இறங்கினார்கள்.

அந்தப் பருவம் முழுவதிலும் பன்னிரண்டு பந்தயங்கள், பன்னிரண்டிலும் வெற்றி. மொத்தம் 322 புள்ளி. எதிரிகள் எடுத்தது 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஆபர்ன் கலாசாலை ஒன்றுதான். நவம்பர் 30-இல் மாண்ட்கோமரியில் நடந்த அந்தப் பந்தயத்தில் ஸுவானி 11-10 என்று தப்பிப் பிழைத்தது. ஆபர்னுக்குப் பயிற்சியளித்தவர் ஜான் ஹைஸ்மன். அமெரிக்காவில் வருஷந்தோறும் சிறந்த கலாசாலை ஆட்டக்காரருக்கு அளிக்கும் பரிசுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

கோஷ்டித் தலைவர் ஹென்றி ஸீபெல்ஸ், பயிற்சியாளர் பில்லி ஸுட்டர் ஆகியோரின் புகழ் நியாயமானதே. ஆனால் நாம் அதிகமாக நினைத்துப் பார்ப்பது ஆர்மண்ட் ஸிம்கின்ஸ் என்பவரைத்தான். பின்வரிசையில் நின்று இடித்தும் உதைத்தும் கோஷ்டியைத் தாங்கியவர் அவர். அந்த ஆட்டத்தில் பட்ட காயங்களே பிற்காலத்தில் அவருடைய இரண்டு கால்களையும் கொண்டுபோயின, அகாலத்தில் இறந்தார். புள்ளிக் கணக்கு எழுதும் பலகையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அவர் ஒருவர் மட்டும் அல்ல. 1905-ஆம் வருஷப் பருவத்தில் இந்த ஆட்டத்தில் 18 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்கெடுத்தன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கலாசாலைக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் பந்தை முன்பக்கம் எறிய அனுமதி வந்தது. 5 கஜம் 10 கஜமாயிற்று. மந்தையாக இடிப்பதை விட்டு மைதானத்தில் பரவி ஆடும்படி செய்வதே நோக்கம்.

லூக் லீயின் துணிச்சல் மட்டும் குறையவில்லை. 1911 முதல் 1917 வரை ஸெனட் சபையில் இருந்தார். முதல் மகாயுத்தம் முடிந்ததும், 1919 ஜனவரியில், சில சகாக்களுடன் மோட்டாரில் ஹாலந்துக்குப் புறப்பட்டார். அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மன் கெய்ஸரைப் பிடித்து வருவது உத்தேசம்! கெய்ஸர் கிடைக்கவில்லை. கூடப் போனவர்களில் ஒருவர் அந்த மாளிகையிலிருந்து ஒரு சாம்பல் கிண்ணத்தைக் கொண்டுவந்ததுதான் மிச்சம். பின்னால் பாங்கி வழக்கொன்றில் தண்டனை பெற்றுச் சிறை சென்று, 1937-இல் மன்னிப்பும் பெற்றார். ஆறு நாளில் ஐந்து பந்தயம் ஏற்பாடு செய்த மூளை சும்மா இருக்குமா?

கலாசாலையின் கதை வேறு விதமாகப் போயிற்று. 1932-இல் தென்கிழக்குக் கலாசாலைகள் 13 கூடிப் பெரிய சங்கம் ஒன்று அமைத்தபோது ஸுவானியும் சேர்ந்தது. ஆனால் காலம் மாறியிருந்தது. பெரிய கலாசாலைகள் ஆட்டக்காரர்களைச் சம்பாவனை கொடுத்துச் சேர்க்கத் தொடங்கியிருந்தன. அச்சங்கத்தில் ஆடிய 37 பந்தயங்களில் ஸுவானி ஒன்றில்கூட ஜயிக்கவில்லை. படிக்க வந்த பிள்ளைகள் ஆடினால் போதும் என்று தீர்மானித்து, 1940-இல் சங்கத்தை விட்டே விலகியது. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. கலாசாலை என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்தால் நமக்கு அப்படித் தோன்றவில்லை.

1899-இல் ஸுவானியிடம் தோற்ற டெக்ஸாஸ் சர்வகலாசாலைக்கு இன்று ஆஸ்டினில் 100,000 பேர் உட்காரும் மைதானம் இருக்கிறது. ஸுவானிக்காரர் ஆடும் மூன்றாம் பிரிவில் ஆட்டத்துக்கென்று உபகாரச் சம்பளம் கொடுப்பதே கிடையாது. இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் அவர்கள் இன்னும் அந்த மலைமேல் பந்தயம் ஆடுகிறார்கள்; திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விடுகிறார்கள்.