படைக்கலத்திற்குக் கதை உண்டு, காயத்திற்கு?

தீபாவளி நெருங்கும் நாள்களில் திருவில்லிபுத்தூரை அடுத்த மடவார் வளாகத்துத் தெருக்களில் பொட்டு வெடித் துப்பாக்கியின் ஓசை கேளாத மாலைப்பொழுது இல்லை. வெடிக்குப் பெயர்பெற்ற சிவகாசி அருகிலேயே இருக்கிறது. குறைந்த விலையில் துப்பாக்கியும் சுருள் கேப்பும் கிடைத்துவிடுகின்றன. ஆனால் நம் சிறுவர்கள் வாங்கிய துப்பாக்கியை வாங்கியபடியே வைத்துக்கொள்ளுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதன்மேல் வண்ணக் காகிதம் ஒட்டுவார்கள். குழலை நீட்ட மூங்கில் குச்சி கட்டுவார்கள். அதற்கு ஒரு பெயரும் சூட்டுவார்கள். பின்னர், அது எந்த வீரனுடையது, எந்தப் போரில் கைப்பற்றப்பட்டது என்று ஒரு வரலாறும் பிறந்துவிடும். சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்த இன்றைய தாத்தாக்களும் இதையேதான் செய்தார்கள்.

இதே பழக்கம் இன்று கணினித் திரைக்கு ஏறியிருக்கிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், தாங்கள் விரும்பும் விளையாட்டு ஒன்றிற்குப் புதுப்புதுப் படைக்கலங்களைத் தாமே வடித்து, அவற்றிற்குக் கற்பனை வரலாறும் எழுதிச் சேர்க்கிறார்கள். இவ்வாறு செய்யும் மாற்றத்தை 'மாட்' என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள். நம் இல்லங்களிலும் கல்லூரி செல்லும் பிள்ளைகள் பலர் இதனை அறிவார்கள். பெற்றோர் அறிவது குறைவு. ஆகவே இதன் நன்மை தீமைகளைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நலம் என்று கருதுகிறோம்.

அழிவுக்குப் பின் ஓர் உலகம்

இத்தகைய விளையாட்டுகளுள் புகழ்பெற்ற ஒன்று 'ஃபால்அவுட்'. அணுகுண்டு வெடித்தபின் வானிலிருந்து இறங்கும் நச்சுத் தூசுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. முதல் விளையாட்டை 1997-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் நம் நாடு பொக்ரானில் இரண்டாம் முறையாக அணுவெடிச் சோதனை நடத்தியது. பின்னர் பெதஸ்தா நிறுவனம் உரிமையைப் பெற்று, 2008-இல் மூன்றாம் பாகத்தையும் 2015-இல் நான்காம் பாகத்தையும் வெளியிட்டது.

கதை இதுதான்: 2077-ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று அணுப்போர் மூண்டு, சில மணி நேரத்தில் உலகம் சாம்பலாகிறது. நிலவறைகளில் ஒளிந்து பிழைத்தவர்களின் வழித்தோன்றல்கள், பல தலைமுறை கடந்து வெளியே வந்து பாழ்நிலத்தில் வாழ முயலுகிறார்கள். அங்கே நாணயமாகச் செல்லுபடியாவது குளிர்பானப் புட்டியின் தகர மூடி! தூய குடிநீர் பொன்னினும் அரியது. படைக்கலங்களும் குப்பையிலிருந்தே பிறக்கின்றன. மூன்றாம் பாகத்தில், தண்டவாள ஆணிகளை எய்யும் துப்பாக்கி ஒன்று வருகிறது. அதைச் செய்யத் தேவையானவை நான்கு: ஒரு பிரஷர் குக்கர், நீராவி அழுத்தத்தை அளக்கும் கருவி, அணுசக்தி மின்கலம், ஓர் ஊன்றுகோல். காயமுற்றவனைத் தாங்க வேண்டிய ஊன்றுகோல் இன்னொருவனைக் காயப்படுத்தும் கருவிக்கு உறுப்பாகிவிடுகிறது. இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

பட்டறையில் நடப்பது என்ன?

இரசிகர்கள் புதிய துப்பாக்கி ஒன்றை எவ்வாறு உருவாக்குகிறார்கள்? முதலில் கணினியில் அதன் உருவத்தைச் சிறு சிறு முக்கோணங்களை இணைத்து வடிக்கிறார்கள். 'பிளெண்டர்' என்னும் இலவச மென்பொருள் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பின்பு அவ்வுருவத்தின்மீது துரு, கீறல், மரத்தின் வரி ஆகியவற்றைத் தீட்டிய படத்தைப் போர்த்துகிறார்கள். சட்டைத் துணியை வெட்டி உடலுக்குப் பொருத்தும் தையற்காரரின் வேலையை இது ஒத்தது. அடுத்து ஓசை, அசைவு. இறுதியாக எண்கள்: ஒரு குண்டு எவ்வளவு சேதம் விளைக்கும், எத்தனை குண்டு கொள்ளும், எடை என்ன, விலை என்ன என்று ஓர் அட்டவணை நிரப்பப்படுகிறது.

இவ்வேலைக்காகப் பெதஸ்தா நிறுவனமே 2008 டிசம்பரில் ஒரு கருவித் தொகுதியை இரசிகர்களுக்கு இலவசமாக வழங்கியது. அதன் பெயர் 'ஏதேன் தோட்டப் படைப்புப் பெட்டி' என்று பொருள்படும். கதைக்குள் அதே பெயரில் ஒரு பெட்டி உண்டு. பாழ்நிலத்தைப் பசுஞ்சோலையாக்குவது அதன் பணி. அப்பெயர் தாங்கிய கருவியைக் கொண்டு மிகுதியாகச் செய்யப்பட்டவற்றுள் துப்பாக்கிகளும் அடங்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

படைக்கலம் உருவானபின் அதற்கு ஒரு வரலாறு வேண்டும். போருக்கு முன் எந்தத் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது, எந்தப் படைவீரன் தாங்கினான், அவன் எங்கே வீழ்ந்தான் என்றெல்லாம் எழுதுகிறார்கள். இறந்தவனின் நாட்குறிப்பு ஒன்றைப் பாழடைந்த வீட்டில் வைத்துவிடுகிறார்கள். ஆடுபவர் அதைப் படித்தே துப்பாக்கியைத் தேடிச் செல்ல வேண்டும். சில குழுக்கள் இதற்கும் மேலே சென்று முழு நகரையே படைக்கின்றன. தன்னார்வலர் குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைத்து, அழிந்த இலண்டன் மாநகரைக் கதைக்களமாக்கிய 'ஃபால்அவுட்: லண்டன்' என்னும் பெரும் மாட்டை 2024 ஜூலை 25 அன்று இலவசமாக வெளியிட்டது.

இவ்வுழைப்பைப் பயனற்ற பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. வரைதல், எழுதுதல், கணக்கு, பொறுமை, கூட்டுழைப்பு ஆகிய யாவும் இதில் உண்டு. நமது கேள்வி வேறு. படைக்கலத்திற்கு இவ்வளவு நுணுக்கமாக வரலாறு எழுதுவோர், அது தாக்கிய மனிதனுக்கு வரலாறு எழுதுகிறார்களா?

ஒரு பெயரின் பின்னால்

மூன்றாம் பாகத்தில் தோளில் வைத்து எய்யும் படைக்கலம் ஒன்று உண்டு. சிறிய அணுகுண்டை வீசும் கவண் அது. பெயர் 'ஃபேட் மேன்'. தடித்த மனிதன் என்று பொருள். கேட்பதற்கு வேடிக்கையான பெயர். ஆனால் அப்பெயரை முதலில் தாங்கியது, 1945 ஆகஸ்டு 9 அன்று காலை 11 மணி 2 நிமிடத்திற்கு நாகசாகி நகரின்மீது வெடித்த உண்மையான குண்டு. அதன் எடை ஏறத்தாழ நாலரை டன். அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் ஏறத்தாழ 70,000 பேர் என்பது பொதுவான மதிப்பீடு.

நாகசாகி நமக்கு அந்நியமான ஊர் அன்று. 1542 முதல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து திரிந்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ஜப்பானில் கரையிறங்கினார். அவர் விதைத்த விசுவாசத்தை, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலான கொடிய தடையின்போதும் குருக்கள் இன்றியே மறைவில் காத்துவந்தவர்களுள் நாகசாகியின் உராக்கமி பகுதி மக்களும் அடங்குவர். அவர்கள் கட்டியெழுப்பிய பேராலயத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில்தான் குண்டு வெடித்தது. மரியன்னையின் விண்ணேற்பு விழாவிற்கு ஆயத்தமாகப் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்த வேளை அது. உள்ளே இருந்த குருக்களோ மக்களோ ஒருவரும் பிழைக்கவில்லை. உராக்கமியின் ஏறத்தாழ 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் மாண்டனர் என்பர்.

ஜப்பானில் 2008 டிசம்பரில் விளையாட்டு வெளியானபோது, 'ஃபேட் மேன்' என்னும் பெயர் நீக்கப்பட்டு வேறு பெயர் இடப்பட்டது. கதையில் வரும் ஒரு சிற்றூரை அணுகுண்டால் தகர்க்கும் வாய்ப்பும் அகற்றப்பட்டது. நம் நாட்டிலோ, அதே ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பாக்ஸ் கருவிக்கான பதிப்பை, பண்பாட்டு உணர்வுகளைக் கருதி இந்தியாவில் வெளியிடுவதில்லை என்று அறிவித்தது. காரணத்தை அது விரித்துரைக்கவில்லை. கதையில் வரும் இருதலைப் பசுக்களும் அவற்றிற்கு இட்ட 'பிராமின்' என்ற பெயருமே காரணம் என்று பலர் ஊகித்தனர்.

ஒரே விளையாட்டு, இரண்டு நாடுகள், இரண்டு வேறு மனக்காயங்கள். தன் உடம்பில் புண் எங்கே இருக்கிறது என்பது அவரவருக்குத் தெரியும். பிறர் புண் எங்கே என்று அறிவதற்குத்தான் கதை வேண்டும். அக்கதை இல்லாதபோது, ஒரு நகரைக் கொன்ற பெயர் இன்னொரு நாட்டுச் சிறுவனுக்கு வெறும் விளையாட்டுப் பெயராகிவிடுகிறது.

காயத்திற்குக் கதை எழுதியவர்கள்

படைக்கலத்தின் கதையைத் திருப்பி எழுதியவர்களும் உண்டு. வால்டர் மில்லர் என்பவர் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படை வீரர். 1944 பிப்ரவரி 15 அன்று, புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மொந்தே காசினோ மடத்தைத் தகர்த்த குண்டுவீச்சில் பங்குகொண்டவர். போர் முடிந்தபின் 1947-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அணுப்போரால் அழிந்த உலகில் அறிவுச் சுவடிகளைப் படியெடுத்துக் காக்கும் துறவிகளைப் பற்றி அவர் எழுதிய 'லைபோவிட்சுக்கு ஒரு கீதம்' என்னும் நாவல் 1959-இல் வெளிவந்தது. பழைய தொழில்நுட்பத்தைப் பாதுகாக்கும் சகோதரக் குழு ஒன்று ஃபால்அவுட்டில் வருகிறதே, அதில் இந்நாவலின் சாயல் நன்கு தெரிகிறது.

மற்றொருவர் நாகசாகியின் கதிரியக்க மருத்துவர் தக்காஷி நாகாய். குண்டு தன் மனைவியைப் பறித்துக்கொண்டது. வீட்டின் சாம்பலில் அவருடைய எலும்புகளோடு செபமாலையையும் கண்டெடுத்தார். தாமும் காயமுற்று, முன்னரே இரத்தப் புற்றுநோய்க்கும் ஆளாகியிருந்த அவர், பிறர் காயங்களுக்குக் கட்டுப்போட்டார். இடிந்த பேராலயத்தின் மணிகளுள் ஒன்று உடையாமல் கிடைத்தது. அது 1945 கிறிஸ்துமஸ் முந்திய இரவில் ஒலித்தது. 'நாகசாகியின் மணிகள்' என்னும் அவரது நூல் 1949-இல் வெளியாயிற்று; 1951-இல் அவர் மறைந்தார். நொறுங்கிப்போன மற்றொரு மணிக்கு ஈடாக அமெரிக்கக் கத்தோலிக்கர் திரட்டிய நிதியில் புதிய மணி வார்க்கப்பட்டு, 2025 ஆகஸ்டு 9 அன்று இரண்டு மணிகளும் எண்பது ஆண்டுகளுக்குப் பின் சேர்ந்து ஒலித்தன. குண்டு வீசிய நாட்டினரே அளித்த மணி அது!

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியை நாம் அறிவோம். அங்கே தறிகளில் நெய்யப்படும் கட்டுத்துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குச் செல்லுகிறது. சிவகாசியில் வெடிமருந்து; சத்திரப்பட்டியில் கட்டுத்துணி. இரண்டும் நம் பக்கத்து உழைப்பே. விளையாட்டில் ஓர் ஊசியைக் குத்திக்கொண்டால் புண் நொடியில் ஆறிவிடுகிறது. உண்மை உலகில் ஒரு புண் ஆறுவதற்கு எத்தனை முழம் துணி, எத்தனை நாள், எத்தனை கைகள் தேவை என்பதைச் சத்திரப்பட்டி நெசவாளியின் பிள்ளை எழுதினால், அது எந்தத் துப்பாக்கிக் கதையையும்விட நன்றாக இருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் செய்யத்தக்கது

முதலாவது, இவ்விளையாட்டு சிறுவர்களுக்குரியது அன்று. மூன்றாம் பாகத்தை அமெரிக்கத் தரநிர்ணய வாரியம் 17 வயதுக்கு மேற்பட்டோர்க்கும், ஐரோப்பிய அமைப்பு 18 வயது நிரம்பியோர்க்கும் உரியதென வகுத்திருக்கின்றன. இதில் விட்டுக்கொடுத்தல் ஆகாது. இரவு உறக்கத்தையும் படிப்பையும் குடும்ப செபத்தையும் விழுங்கும் அளவிற்கு எந்த விளையாட்டும் வளரக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வயது வந்த பிள்ளை மாட் செய்வதில் ஈடுபட்டிருந்தால், கணினியைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. அருகில் அமர்ந்து, அவன் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். கைத்திறனைப் பாராட்டுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் படைக்கலத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? இது யாரைத் தாக்கியது? தாக்குண்டவனுக்காக வீட்டில் காத்திருந்தவர் யார்? முதல் கேள்விக்கு விடை தேடுபவன் வரலாற்றைக் கற்பான். மற்ற இரண்டிற்கும் விடை எழுதுபவன் இரக்கத்தைக் கற்பான்.

மூன்றாவது, அந்த விளையாட்டின் உட்கருத்தையே அவனுக்கு நினைவூட்டுங்கள். மூன்றாம் பாகத்தின் கதை துப்பாக்கியைப் பற்றியதன்று. நாயகனைப் பெற்றவுடன் தாய் இறந்துவிடுகிறாள். தந்தை தம் வாழ்நாளெல்லாம் அனைவருக்கும் தூய நீர் கிடைக்க ஓர் இயந்திரம் அமைக்கப் பாடுபடுகிறார். அதை இயக்கும் இரகசிய எண் 216. அத்தாய் விரும்பிப் படித்த மறைநூல் பகுதியாகிய திருவெளிப்பாடு 21:6-ஐ அது குறிக்கிறது. தாகமுற்றோர்க்கு வாழ்வின் நீரை விலையின்றி அளிப்பதாக இறைவன் வாக்களிக்கும் இடம் அதுவே.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 நவம்பர் 24 அன்று நாகசாகிக்கும் ஹிரோஷிமாவிற்கும் சென்றபோது, அணுப்படைக்கலங்களைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் அறநெறிக்கு மாறானது என்று அறிவித்தார். திரையில் உருவாகும் துப்பாக்கி எவரையும் கொல்லாது, உண்மைதான். ஆயினும் அதைச் செய்பவனின் உள்ளத்தில் ஒரு வரலாறு எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் சுட்டவன் பெயரோடு சுடப்பட்டவன் பெயரும் இடம்பெறச் செய்வது, அவனோடு ஒரே கூரையின்கீழ் வாழும் நம் கடமை.