கணவாய் பிரித்த பறவைகள்

ஆடி பிறந்தால் போதும். மேற்கே மலையிடுக்கில் புகுந்த காற்று, வாளையாறு தாண்டி, பொள்ளாச்சித் தென்னையை வளைத்து, பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுத்தான் ஓயும். அந்தக் காற்றைப் புகழாத கோவைக்காரர் இல்லை. ஆனால், அந்தக் காற்று நுழையும் வாயிலைத் திறந்து வைத்தது எது என்று கேட்டவர் எத்தனை பேர்?

வடக்கே நீலகிரி, தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். தெற்கே ஆனைமலைத் தொடர். ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். இரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை! மேற்குத் தொடர்ச்சி மலை எனும் நெடுஞ்சுவரில் இவ்வளவு பெரிய வாயில் வேறெங்கும் கிடையாது. பண்டை வணிகன் இவ்வழியே நடந்தான். 1862-ல் ரயிலும் இவ்வழியே மேல்கடலைத் தொட்டது. பாலக்காட்டுக் கணவாயை வழியாகக் கண்டோம், வரலாறாகக் கண்டோமா?

நிலநூல் அறிஞர்கள் கண்டனர். நீலகிரியின் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. கணவாயின் அடியில், கிழக்கு மேற்காக, பாறை நசுங்கி நெரிந்த ஒரு பெரும் வடு ஓடுகிறது. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் அண்டார்டிகாவும் ஆஸ்திரேலியாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கொண்ட காலத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், விழுந்த தையல் இது என்பர் ஒரு சாரார். இல்லை, அதனினும் மிகப் பழையது என்பர் மறுசாரார். வழக்கு இன்னும் நடக்கிறது. நடக்கட்டும்! வாதம் நடக்கும் இடத்தில்தான் அறிவு வளரும்.

கல் சொல்லும் சாட்சி இருக்க, இன்று சிறகுள்ள சாட்சியும் வந்திருக்கிறது! 1,400 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த சோலைக்காட்டில் வாழும் சிறு பறவைகள் சில உண்டு. வெப்பமான சமவெளியில் இறங்கி, அக்கரை மலைக்குப் பறக்க அவற்றால் ஆகாது. உறவு அறுந்த இரு கூட்டங்களிலும், தலைமுறைதோறும் மரபணுவில் சிறுசிறு மாறுதல்கள் வெவ்வேறாகச் சேரும். வி. வி. ராபினும் அவர் குழுவினரும் 23 பறவை இனங்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவு என்ன? ஆழத்திலும் அகலத்திலும் மிஞ்சிய பாலக்காட்டுக் கணவாயே அதிகமான இனங்களைப் பிரித்திருக்கிறது என்பதே! நீலகிரியின் சிரிப்பான் வேறு இனம். பழனிமலையின் சிரிப்பான் வேறு இனம். யானைக்கும் இதே கதை: நீலகிரி யானைக்கும் ஆனைமலை யானைக்கும் மரபணுவில் வேறுபாடு கண்டிருக்கிறார்கள்.

மலை பிரித்த கதை இது. கண்டமே பிரிந்த கதைக்குச் சாட்சி ஒரு தவளை! ஆண்டெல்லாம் மண்ணுக்குள் வாழ்ந்து, மழையில் சில நாள் மட்டும் வெளிவரும் ஊதாத் தவளையை 2003-ல் உலகுக்கு அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர் எங்கே? கடல் கடந்து, செஷல்ஸ் தீவுகளில்! நிலங்கள் பிரிந்தன, சுற்றமும் பிரிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்த இன்னோர் இனத்துக்கு, 2017-ல், பூபதி என்பவரின் பெயரைச் சூட்டினார்கள். யார் அவர்? நம் ஆனைகட்டி சலீம் அலி பறவையியல் நிலையத்தில் பணியாற்றி, காட்டு ஆய்வில் நேர்ந்த விபத்தால் 2014-ல் உயிர் நீத்த அறிஞர். தளபதிகளுக்குச் சிலை வைக்கிறோம். இவரை எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அறிவர்?

இன்னொன்றும் கேளுங்கள். நீலப் பறவைகள் சிலவற்றுக்கு, அறிஞர்கள் 2017-ல் சூட்டிய பேரினப் பெயர் ‘சோலிகோலா’. சோலையில் வாழ்வது என்று பொருள். ஆம், நம் சோலைதான்! உலக அறிவியலின் ஏட்டில் நம் சொல் ஏறிவிட்டது. சொல் ஏறிவிட்டது, சோலை நிலைக்குமா?

மலைப் புல்வெளியைப் பாழ்நிலம் என்றெண்ணி, தைல மரமும் சீகையும் பைனும் நட்டார்கள். தேயிலைக்காகக் காட்டை அழித்தார்கள். இப்போது புவியே சூடேறுகிறது. பழங்காலத்தில் வெப்பம் கூடியபோது சோலைக்காடு மேலே ஏறிற்று. குளிர் கூடியபோது கீழே இறங்கிற்று. இனி ஏறச் சொன்னால் எங்கே ஏறும்? மலையுச்சிக்கு மேல் ஏது மலை?

கல்லைப் படிப்பவர் ஒருபுறம், உயிரைப் படிப்பவர் மறுபுறம் என்றிருந்த காலம் போயிற்று. இருவரும் ஒரே ஏட்டைப் படிக்கிறார்கள். அந்த ஏடு நம் வாயிற்படியில் திறந்து கிடக்கிறது. கோவை மாணவனைக் கண்காட்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒருநாள் வாளையாற்றுக்கும் அழைத்துச் செல்லட்டும். இருபுறமும் மலையைக் காட்டி, இடையே உள்ள வெளியின் கதையைத் தமிழில் சொல்லட்டும். படித்த தலைமுறை காக்கும். படிக்காத தலைமுறை விற்கும். நாம் எதை வளர்க்கப் போகிறோம்?