கீமோ முடிந்து 70 வளைவு ஏறும்போது... குமட்டலை அடக்க என்ன வழி?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல உடம்போடு சுற்றுலா வருபவர்களிலேயே பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. கீமோதெரபி சிகிச்சைக்காக சேலம் போன்ற ஊர்களுக்கு இறங்கிப்போகும் மலைவாசிகள், ஊசி போட்ட உடம்போடு இதே சாலையில்தான் வீடு திரும்ப வேண்டும்.

'கீமோ என்றால் வாந்தி வரத்தான் செய்யும், தாங்கிக்கத்தான் வேணும்' என்பது பலரின் எண்ணம். அது பழைய கதை. இன்றைய மருந்துகளை முறையாக எடுத்துக்கொண்டால், பெரும்பாலானவர்களுக்கு வாந்தியைத் தடுத்துவிடலாம். குமட்டல் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் நீடிக்கலாம். அதையும் டாக்டரிடம் சொன்னால் குறைக்க வழி உண்டு.

ஏன் குமட்டுகிறது?

கீமோ மருந்து உடலில் சேர்ந்ததும், குடலில் உள்ள செல்கள் செரடோனின் என்ற ரசாயனத்தை வெளியிடுகின்றன. அது நரம்பு வழியாக மூளையின் வாந்தி மையத்துக்குத் தகவல் அனுப்புகிறது. இந்தத் தகவலைத் தடுக்கும் ஒண்டன்செட்ரான் மருந்துக்கு 1991-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் பிறகு கீமோ நோயாளிகளின் நிலைமையே மாறியது.

எல்லா கீமோவும் ஒரே மாதிரி அல்ல. சிஸ்பிளாட்டின் போன்றவை கடுமையாகக் குமட்டும். வின்கிரிஸ்டின் போன்றவற்றில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதனால் பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தைக் கேட்டு பயப்பட வேண்டாம்.

சிக்கல் மறுநாள்தான்

ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் வருவது ஒரு வகை. மறுநாள் தொடங்கி ஐந்தாம் நாள் வரை தொடர்வது இன்னொரு வகை. சிஸ்பிளாட்டின் எடுத்தவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் இது உச்சத்தில் இருக்கும். அதாவது, மருத்துவமனையில் நன்றாக இருந்தவருக்கு மலையேறி வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கும்.

இதற்காகத்தான் கையில் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று அதை நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. தலைவலி மாத்திரை போல வந்த பிறகு போடுவது அல்ல இது; வராமலிருக்கப் போடுவது. வாந்தி தொடங்கிவிட்டால் அடக்குவது கடினம். மாத்திரையும் வயிற்றில் தங்காது. நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரைகளும் உள்ளன, கேட்டு வாங்கலாம். ஒண்டன்செட்ரானால் சிலருக்கு மலச்சிக்கல், தலைவலி வரலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒலான்சபின் மாத்திரையைப் பார்த்து, 'இது மனநோய்க்குத் தர்றதாச்சே' என்று யாராவது சொல்லக்கூடும். மனநலச் சிகிச்சையிலும் பயன்படும் மருந்துதான். கீமோ குமட்டலுக்கும் நன்றாக வேலை செய்கிறது. வழக்கமான 10 மில்லிகிராம் அளவில் தூக்கம் அசத்தும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 2.5 மில்லிகிராமே அதற்கு இணையாக வாந்தியைத் தடுத்தது. தூக்கக் கலக்கமும் குறைவாக இருந்தது. அதிகம் அசத்தினால் அளவை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

பஸ்ஸில் வாந்தி வருமா?

பயணத்தில் வாந்தி எடுப்பவர்கள், கர்ப்ப காலத்தில் மசக்கையால் அதிகம் அவதிப்பட்டவர்கள், பெண்கள், இளம் வயதினர் ஆகியோருக்குக் கீமோ குமட்டல் கூடுதலாக வரும் வாய்ப்பு உண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும், 'எங்க ஊர் மலைமேல இருக்கு, எனக்கு பஸ்ஸே ஒத்துக்காது' என்று முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப மருந்தைக் கூட்டித் தருவார்கள்.

முதல் முறை மோசமாக அமைந்துவிட்டால், அடுத்த முறை மருத்துவமனை வாசனை பட்டாலே வயிறு புரளத் தொடங்கும். அதனால் முதல் தடவையிலேயே தடுப்பது முக்கியம்.

மலையேறும்போது முன் இருக்கையில் அமர்ந்து, தூரத்துச் சாலையைப் பாருங்கள். போனைப் பார்க்க வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம்; ரஸ்க், பொரி போல உலர்ந்ததாகக் கொஞ்சம் போதும். வாடகை வண்டியென்றால் இடையில் நிறுத்தி இளைப்பாறலாம்.

என்ன சாப்பிடலாம்?

மலையில் விளையும் சாமை, கேழ்வரகில் கஞ்சி வைத்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சூடான சாப்பாட்டில் வாசனை தூக்கலாக இருப்பதால் குமட்டும். தாளிப்பு வாசனையும் விறகுப் புகையும் படாத இடத்தில் நோயாளி இருக்கட்டும். மிகவும் பிடித்த உணவை அந்த நாள்களில் கொடுக்காதீர்கள். பிறகு அதைக் கண்டாலே வெறுப்பு வந்துவிடும். வாய்ப்புண் இருந்தால் மிளகு ரசமும் அன்னாசிப் பழமும் எரியும்.

சமையலில் சேர்க்கும் அளவுக்கு இஞ்சி நல்லது. ஆனால், அது மாத்திரைக்கு மாற்று அல்ல. இஞ்சிச் சாறு, பொடி என்று அதிகமாக எடுப்பதற்கு முன், குறிப்பாக தட்டணுக்கள் குறைந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், டாக்டரைக் கேட்க வேண்டும். கொல்லிமலை மூலிகைகளுக்குப் பேர்போன இடம். முடவாட்டுக்கால் கிழங்கு சூப் முதல் லேகியம் வரை எதுவானாலும், கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர்நிறமாகப் போகிறது, தலைசுற்றுகிறது, வாந்தியில் ரத்தம் தெரிகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கவே நேரமாகும் என்பதால் 108-ஐ முன்கூட்டியே அழைப்பது நல்லது. நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி, உபாதைகளுக்கு ஆதரவு சிகிச்சை தருகிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

ஒரு சின்ன வேலை மட்டும் செய்யுங்கள். எந்த நாள், எத்தனை முறை வாந்தி, எந்த மாத்திரை போட்டது என்று வீட்டு காலண்டரிலேயே குறித்து, அடுத்த ஊசிக்குப் போகும்போது காட்டுங்கள். 'பரவாயில்லை டாக்டர், சமாளிச்சுட்டேன்' என்று சொல்வதைவிட அந்தக் குறிப்பு பலமடங்கு உதவும். அதைப் பார்த்துத்தான் அடுத்த முறைக்கான மருந்தை டாக்டர் மாற்ற முடியும்.