மறு என்பது மாசன்று

சீகிரியாக் குன்றில் ஏறுவோர், பாதி வழியில் கண்ணாடிச் சுவரைக் கடந்தே செல்கின்றனர். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் எழுந்த அச்சுவர், முகம் தெரியுமளவுக்கு மெருகிடப்பட்டிருந்ததாம். அதற்கு மேலே, பாறைக் குடைவில் பொன்னிற மகளிரும் கருநிற மகளிரும் அருகருகே தீட்டப்பட்டுள்ளனர். ஓவியன் இரு நிறத்தையும் அழகாகவே கண்டான். ஒரே உடலில் இரு நிறம் அமைந்த குழந்தையைக் கண்டால் மட்டும் நாம் ஏன் முகஞ் சுளிக்கிறோம்?

முதுகையோ முகத்தையோ மூடிய பெரிய கரிய மறுவுடன் சில குழந்தைகள் பிறக்கின்றன. அதன்மேல் ரோமம் அடர்ந்திருப்பதும் உண்டு. ஏறத்தாழ 20,000 பிறப்புகளில் ஒன்று இவ்வாறு அமைவதாக மருத்துவ நூல்கள் கூறும்.

“கிரகண வேளையில் தாய் வெளியே வந்தாள், அதன் பலன் இது” என்று முதியோர் சிலர் சொல்வதுண்டு. இது பெரும் பிழை. கரு வளருங்கால், தோலுக்கு நிறந்தரும் அணுக்களின் மூல அணு ஒன்றில் தற்செயலாக நேரும் மாற்றமே காரணம். பெரும்பாலும் அது என்ராஸ் என்னும் மரபணுவில் நிகழ்வதை 2013ஆம் ஆண்டில் லண்டன் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினர். தாய் உண்டதும் கண்டதும் இதற்குக் காரணமல்ல. மறு தொற்றுவதுமில்லை.

ஆயினும் கவனம் வேண்டும். பெரிய மறுவில் புற்றுநோய் தோன்றும் அபாயம் சிறியதைவிட அதிகம். எனினும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வருவதில்லை. புதிய கட்டி, ஆறாப் புண், இரத்தக் கசிவு ஆகியன தோன்றின் தாமதியாது வைத்தியரை நாடுக. உடலெங்கும் சிறு மறுக்கள் பல இருப்பின், மூளையையும் படம்பிடித்துப் பார்ப்பர். கடும் வெயிலிலிருந்து காப்பதும் அவசியம். சத்திரசிகிச்சையால் முழுவதையும் நீக்குதல் எப்போதும் இயலாது, தழும்பும் எஞ்சும். சுண்ணாம்பும் காரமும் பூசிக் குழந்தையைப் புண்படுத்தாதீர். கொழும்பிலும் பேராதனையிலும் அரசாங்கச் சிறுவர் வைத்தியசாலைகள் உள்ளன.

பள்ளி செல்லுமுன் பிள்ளைக்கு ஒரு விடையைப் பழக்கிவிடுங்கள்: “இது பிறவியிலேயே உள்ளது, ஒட்டாது.” ஆசிரியரும் முதல் நாளிலேயே அதனை வகுப்பிற்கு விளக்கிவிட்டால், கேலிக்கு இடமிராது.

திருமாலைத் திருமறுமார்பன் எனப் போற்றும் நாம், குழந்தையின் மறுவைப் பழிக்கலாமா? பிள்ளை தன்னைக் காணும் முதற் கண்ணாடி தாய் தந்தையரின் முகமே. அதில் அருவருப்போ அச்சமோ தெரியாதிருக்கட்டும்.