கப்டன் லட்சுமி: படைக்களத்திலிருந்து மக்கட் பணிக்கு

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ஒரு காலத்தில் ‘மலாயன் பென்சனியர்’ என்றாலே தனி மதிப்பு. அளவெட்டியிற் பிறந்து வளர்ந்த நாமும் சிறு வயதில் அத்தகைய முதியோரின் திண்ணைப் பேச்சைக் கேட்டிருக்கின்றோம். உத்தியோகப் பெருமையோடு தொடங்கும் பேச்சு, யப்பானியர் காலத்தை எட்டியதும் குரல் தாழ்ந்துவிடும். அப்பொழுது ஒரு பெயர் வரும்: கப்டன் லட்சுமி.

1914 ஒக்டோபர் 24இல் சென்னையிற் பிறந்தவர் லட்சுமி. தந்தையார் வழக்கறிஞர் சுவாமிநாதன். தாயார் அம்மு சுவாமிநாதன், பின்னாளில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்ற லட்சுமி, 1940இற் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் செய்தார். 1942 பெப்ரவரி 15இற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று.

1943 யூலையில் அங்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்திற் பெண்களுக்கெனத் தனிப்படை அமைக்க விரும்பினார். அதுவே ஜான்சி ராணிப் படை. அதன் தலைமை லட்சுமியிடம் ஒப்படைக்கப்பட்டது. துப்பாக்கி ஏந்தியோரிற் பெரும்பாலோர் மலாயாவின் றப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணையே கண்டிராதோர் அவருட் பலர். இலங்கைத் தமிழ்க் குடும்பத்து மகளான இராசம்மா நவரத்தினமும் அப்படையிற் சேர்ந்தார். பின்னாளில் இராசம்மா பூபாலனாக, மலேசிய ஆசிரியைகளின் சம ஊதியத்துக்குப் போராடியவர் அவரே.

ஆயினும் ஒரு வினாவை நாம் மறைத்தலாகாது. யப்பானியரின் துணையோடன்றோ அப்படை போரிட்டது? அதே யப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயிற்பாதையில் எண்ணற்ற தமிழ்த் தொழிலாளர் மாண்டனரே! இதற்குச் சொற்களால் விடை கூறுதல் எளிதன்று. லட்சுமியின் பிற்கால வாழ்க்கையை நோக்குவோம்.

படை தோற்றது. 1945இற் பர்மாவிற் பிரித்தானியரிடம் பிடிபட்ட லட்சுமி, 1946 மார்ச்சில் இந்தியா சேர்ந்தார். மறு ஆண்டு, செங்கோட்டை வழக்கில் நின்ற பிரேம் சாகலை மணந்து கான்பூரிற் குடியேறினார். சீருடை போயிற்று, சேவை போகவில்லை. பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்கும், 1971இல் வங்காள அகதிகளுக்கும், 1984இற் போபாலில் நச்சு வாயுவால் நொந்தோருக்கும் அவர் வைத்தியம் செய்தார். அதே 1984இற் சீக்கியரைத் தாக்கக் கூட்டம் திரண்டபோது, கான்பூர்த் தெருவில் இறங்கித் தடுத்து நின்றார். 1983 ஆடியைக் கண்ட எம்மவர்க்கு, அவ்வாறு ஒருவர் நிற்பதன் பெறுமதியை எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

1971இல் மார்க்சிஸ்ட் கட்சியிற் சேர்ந்தமையும் இப்பணியின் தொடர்ச்சியே. 1998இற் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 2002இல் இடதுசாரிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் இராமேசுவரத்தில் தோன்றிய அப்துல் கலாம். முடிவு முன்னரே யாவரும் அறிந்தது: கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு, லட்சுமிக்கு 1,07,366. தோல்வி உறுதியென்று அறிந்தும், தாம் நம்பிய கொள்கையை நாட்டின்முன் வைக்க 87 வயதில் அவர் முன்வந்தார்.

தேர்தலின் பின் மீண்டும் கான்பூர் வைத்தியசாலையில் ஏழைகளைப் பார்க்கலானார். தொண்ணூறு கடந்தும் அப்பணி நின்றதில்லை. 2012 யூலை 23இல் மறைந்தபோது, அவர் உடல் மருத்துவக் கல்லூரி மாணவரின் கல்விக்கென அளிக்கப்பட்டது.

போரிலும் தோற்றார், தேர்தலிலும் தோற்றார். எனினும் அவர் வாழ்வைத் தோல்வி என்பார் உளரோ? பரீட்சைப் பெறுபேறு ஒன்றையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளும் எம் மாணவரும், அவரைப் பெற்றோரும், இதனைச் சற்றே சிந்திப்பாராக.