தமிழ் அடிக்குமா இந்த கீபோர்டு?

போனோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் ப்ளூடூத் கீபோர்டைத் திருத்தணி பஜாரில் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இதுல தமிழ் வருமா?” என்பதுதான். “வரும் சார்” என்று ஒரு கடைக்காரர் சொல்வார். “இங்கிலீஷ் மட்டும்தான்” என்று இன்னொருவர் கையை விரிப்பார். கேள்வியே இடம் மாறிக் கேட்கப்பட்டது என்பதால் இரண்டு பதிலையும் நம்ப வேண்டியதில்லை.

விஷயம் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடியது. அந்த கீபோர்டுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்த இடத்தில் விரல் பட்டது என்பது மட்டுமே. எச் என்று அச்சிட்ட விசையைத் தட்டினால் அது போனுக்கு அனுப்புவது எச் என்ற எழுத்தை அல்ல, 11 என்ற எண்ணை. ஏ விசைக்கு 4, பி விசைக்கு 5, இப்படியே இசட் வரை 29. யூஎஸ்பி கீபோர்டுகளுக்கு வகுத்த இந்தக் கணக்கையே ப்ளூடூத்தும் எடுத்துக்கொண்டது. 11 வந்ததும் போன் தன்னிடம் எந்த மொழி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறது. இங்கிலீஷ் என்றால் எச். தமிழ்99 என்ற விசை வரிசை என்றால் க. தெலுங்கு இன்ஸ்கிரிப்ட் வரிசை என்றால் தெலுங்கில் ப. விசையின் மேல் அச்சிட்டிருப்பது நம் கண்ணுக்காக. போனுக்கு அது தெரியவே தெரியாது.

திருத்தணிப் பக்கத்து கே.ஜி.கண்டிகை மாதிரி ஊர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டமும், எல்லையைப் பிரித்த படாஸ்கர் தீர்ப்பும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. இன்றும் இந்தப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி, தாலுகா ஆபீசுக்குத் தமிழில் மனு எழுதி, வேலைக்கு இங்கிலீஷில் மெயில் போடுகிற குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று கீபோர்டு வேண்டாம், ஒன்று போதும். மொழி மாற்றுகிற வேலை போனுடையது.

தட்டச்சு மெஷினில் இப்படி இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா போன நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்த் தட்டச்சு மெஷினை வடிவமைத்தபோது, எந்த விசையில் எந்த எழுத்து என்பது இரும்பிலேயே முடிவாகிவிட்டது. விசையின் மறுமுனையில் அந்த எழுத்தின் அச்சு இருக்கும், மாற்ற வழியில்லை. அந்த வரிசையைத்தான் தமிழ்நாட்டின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் “யளனக, யளனக” என்று பக்கம் பக்கமாக அடித்துப் பழகினார்கள். அப்படிப் பழகிய விரல்காரர்கள் ப்ளூடூத் கீபோர்டை வாங்கியதும் திணறுவார்கள். குறை விரலிலும் இல்லை, கீபோர்டிலும் இல்லை. போனில் தட்டச்சு வரிசை தருகிற செயலி ஒன்றைப் போட்டுவிட்டால் அதே பலகையில் அதே யளனக வந்துவிடும்.

புதிதாகப் பழகுகிறவர் என்றால் என் ஓட்டு தமிழ்99-க்குத்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த வரிசை இது. அதே ஆண்டு தமிழக அரசு இதைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப்பக்கம். ‘திருத்தணி’ என்று அடித்துப் பார்ப்போம். த, இ தட்டினால் தி. ர, உ தட்டினால் ரு. பிறகு த-வை இரண்டு முறை தட்டினால் முதல் த-வுக்குப் புள்ளி தானாக விழுந்து ‘த்த’ ஆகிவிடும். ண, இ தட்டினால் ணி. மொத்தம் எட்டுத் தட்டு, ஷிப்ட் ஒருமுறைகூட இல்லை. ‘பப்பாளி’யில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும்: முதல் ப-வுக்கும் புள்ளி விழுந்துவிடாமல் இருக்க, அதை அடித்ததும் அ-வை ஒருமுறை தட்டிவிட்டுத் தொடர வேண்டும். இந்த ஒரு நுணுக்கம் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

அதே 1999இல் அமெரிக்காவில் பாம் கைக்கணினிக்கென்று ஸ்டோவவே என்ற மடிப்பு கீபோர்டு விற்பனைக்கு வந்தது. நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கைக்கணினியை அதன் மேலேயே செருக வேண்டும், காற்றில் பேசாது. ஐபோன் ப்ளூடூத் கீபோர்டை ஏற்றுக்கொள்ள 2010 ஆகிவிட்டது. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 தமிழ்99, ஒலிப்பை வைத்து அடிக்கும் அஞ்சல் ஆகிய இரண்டு வரிசைகளையும் உள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது.

ஆண்ட்ராய்டில்தான் சிக்கல். போன் திரையில் தமிழ் விசைகள் தெரிகின்றன என்பதால் வெளியே இருக்கும் கீபோர்டிலும் தமிழ் வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. திரையைத் தொடுவது ஒரு வழி, வெளியிலிருந்து வரும் எண் இன்னொரு வழி. அந்த எண்ணையும் வாங்கி எழுத்தாக்கும்படி செயலியை எழுதியிருக்க வேண்டும். எழுதாத செயலி என்றால் திரையில் க தெரியும், தட்டினால் எச் விழும். ‘கீபோர்டு சரியில்லை’ என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பல இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

காற்றில் போகிற எண் நடுவில் தொலையாதா? ப்ளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். வைஃபையும் பல நேரம் அங்கேதான் நெரிக்கிறது. திருத்தணி ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் ஒரே இடத்தில் நின்று கத்தினால் யாருக்கும் கேட்காது. முதலில் சரவணப்பொய்கை, அடுத்து படிக்கட்டு, அப்புறம் தேர்வீதி என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்ட இருவர் எப்படியும் சந்தித்துவிடுவார்கள். பழைய வகை ப்ளூடூத்தில் இப்படி 79 தடங்கள். கீபோர்டும் போனும் சேர்ந்து நொடிக்கு 1,600 முறை தடம் தாவுகின்றன. முதல்முறை இணைக்கும்போது போன் திரையில் காட்டும் ஆறு இலக்கத்தை கீபோர்டில் அடித்து என்டர் தட்டச் சொல்வது எதற்கு என்றால், நடுவில் வேறு யாரும் புகுந்துவிடாமல் இரண்டும் தமக்குள் ஒரு ரகசியப் பூட்டு போட்டுக்கொள்ள.

சிறு யூஎஸ்பி துண்டைச் செருகி வேலை செய்யும் மலிவு கீபோர்டுகளில் அந்தப் பூட்டு இல்லாமலும் போகலாம். பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2016இல் ஆராய்ந்தபோது எட்டு கம்பெனிகளின் கீபோர்டுகள் அடித்ததையெல்லாம் அப்படியே திறந்து காற்றில் விட்டுக்கொண்டிருந்தன. பாங்க் பாஸ்வேர்டு அடிக்கிற கைக்கு அது ஆகாது. ப்ளூடூத்தும் பரிசுத்தமில்லை: 2023 டிசம்பரில் வெளியான ஒரு ஓட்டை வழியாக, கேட்காமலேயே ஒரு போலி கீபோர்டால் போனோடு ஒட்டிக்கொண்டு தட்ட முடிந்தது. ஆண்ட்ராய்டு 11 முதலானவற்றுக்குத் திருத்தம் வந்தது. 10-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் வரவில்லை. பழைய போன் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் ப்ளூடூத்தை அணைத்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் “சரி”, “வரேன்” போடுகிறவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கட்டைவிரலும் மைக்கும் போதும். மனு, கட்டுரை, கணக்கு விவரம் என்று தினமும் ஒரு பக்கத்துக்கு மேல் அடிப்பவர் வாங்கலாம். மடிப்பு கீபோர்டு பையில் அடங்கும், ஆனால் ஆடாத மேசை வேண்டும். பஸ்ஸில் மடியில் வைத்தால் நடு மடிப்பில் ஆடித் தொலைக்கும்.

வாங்குமுன் உங்கள் போனைக் கடையிலேயே அதோடு இணையுங்கள். தமிழ்99-ஐத் தேர்ந்துகொண்டு, நீங்கள் தினமும் எழுதுகிற செயலியைத் திறந்து ‘திருத்தணி’யும் ‘பப்பாளி’யும் அடித்துப் பாருங்கள். இரண்டும் சரியாக விழுந்தால் பணத்தைக் கொடுக்கலாம். இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாமல் போனில் வேறு தமிழ்ச் செயலி போட்டு இன்னொருமுறை தட்டுங்கள்.