ஒரே பெட்டியா, இரண்டு பெட்டியா?

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் வீட்டில் நல்ல இசைச் சாதனம் வாங்க வேண்டும் என்பது இளையர் பலரின் ஆசை. கடைக்குப் போனால் ஒரு கேள்வி குழப்பும். ஆம்ப்ளிஃபையரை ஒரே பெட்டியாக வாங்குவதா, இரண்டு பெட்டிகளாக வாங்குவதா?

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் படிக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த 1,500 வெள்ளியைச் செலவழிக்கும் முன், வகுப்பில் கற்றதை வைத்தே விடை தேடினேன்.

பெட்டிக்குள் என்ன?

ஆம்ப்ளிஃபையர் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘பிரீ ஆம்ப்’ பகுதி எந்தச் சாதனத்தின் ஒலி வேண்டும் எனத் தேர்ந்தெடுக்கும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். ‘பவர் ஆம்ப்’ பகுதி, ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குச் சமிக்ஞையை வலுவாக்கும். இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தால் ‘இன்டகிரேட்டட்’, தனித்தனியாக இருந்தால் ‘செப்பரேட்ஸ்’.

பிரிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. இசைத்தட்டின் ஊசியிலிருந்து பொதுவாக 5 மில்லிவோல்ட் அளவிலான சமிக்ஞைதான் வருகிறது. அதன் பக்கத்திலேயே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அதன் காந்தப்புலம் மெல்லிய இரைச்சலாக இசையில் கலக்கக்கூடும். தள்ளி வைத்தால் அந்தத் தொல்லை குறையும். பிற்காலத்தில் ஒரு பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

ஆனால், அதற்கு விலை உண்டு. இரண்டு உலோகப் பெட்டிகள், இரண்டு மின்வழங்கிகள், நடுவில் இணைப்புக் கம்பிகள். என்னைப் போன்ற மாணவரின் பட்ஜெட்டில் இவற்றுக்கே பெரும்பங்கு போய்விடும்.

வாட் கணக்கு

“100 வாட் என்றால் 50 வாட்டைவிட இரு மடங்கு சத்தம்” என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மின்திறன் இரட்டிப்பானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற, ஏறத்தாழ 10 மடங்கு மின்திறன் தேவை.

சிறிய ஸ்பீக்கர்கள் பலவும் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். நாம் பேசும் சத்தமோ 60 டெசிபல் அளவுதான். எங்கள் வீவக வீட்டில் பக்கத்து அறையில் தங்கை சாதாரண நிலைத் தேர்வுக்குப் படிக்கிறாள். சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார். அங்கே நான் பயன்படுத்தப்போவது பெரும்பாலும் சில வாட்தான்.

கோல்மன் ஸ்திரீட்டின் அடெல்ஃபி கட்டடத்தில் உள்ள ஒரு கடையில் இரண்டு வகைகளையும் ஒரே ஸ்பீக்கரில் கேட்டேன். என் அறைக்கு ஏற்ற ஒலியளவில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஸ்பீக்கரை மாற்றியதும் அதே பாடகரின் குரல் உடனே வேறாகக் கேட்டது. அதனால் ஒரே பெட்டியைத் தேர்ந்தெடுத்து, மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்கினேன்.

நடுவழியும் உண்டு

ஒரே பெட்டி வாங்கினால் பின்னாளில் வளர வழியில்லை என்று அஞ்ச வேண்டாம். 1978ல் வெளிவந்த என்ஏடி 3020, 20 வாட் கொண்ட எளிய இன்டகிரேட்டட். பெட்டியின் பின்புறத்தில் உள்ள சிறு உலோக இணைப்பைக் கழற்றினால் அதன் இரு பகுதிகளும் பிரிந்துவிடும். பின்னர் தனி பவர் ஆம்ப் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்றும் ‘பிரீ அவுட்’ துளை உள்ள மாடல்கள் அதே வசதியைத் தருகின்றன.

பெரிய கூடம், அதிக மின்னோட்டம் கேட்கும் ஸ்பீக்கர்கள், தாராளமான பட்ஜெட் உள்ளவர்களுக்கு செப்பரேட்ஸ் பொருந்தும். மற்றவர்கள் முதலில் அறையை அளந்து பாருங்கள். நன்கு பழகிய இரண்டு பாடல்களைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று, வீட்டில் கேட்கும் ஒலியளவிலேயே கேளுங்கள். ‘பிரீ அவுட்’ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.